சின்ன அலை தேடிக் கோவளம் போனோம்

சுதந்திர தின விடுமுறையை ஒட்டிக் கிளம்பினோம். பம்பாய் திலக் நகரில் எங்கள் வீட்டிலிருந்து குர்லா டெர்மினஸுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அன்று மழை கொட்டியது. ரிக்‌ஷாக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்றார். ஐம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு வராது. கொடுத்துவிட்டேன். சென்னைக்குப் போகும் ரயில் மாலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டது. ஸ்லீப்பர் பெட்டியில் எதிரெதிரே எங்களுக்கு இடம்.

என் மனைவி புஷ்பாவுக்கு வயது நாற்பத்தாறு. இரண்டு வருடங்களுக்கு முன் முழங்கால் வலிக்காக டாக்டர் நீச்சல் பழகச் சொன்னார். செம்பூர் முனிசிபாலிட்டி நீச்சல் குளத்தில் பெண்கள் பேட்சில் சேர்ந்தாள். வலி போனது, தண்ணீர் ஆசை போகவில்லை. அலைமேல் பலகையில் ஏறி நிற்கிறார்களே, அந்த சர்ஃபிங் வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து, தானும் ஒருமுறை நின்றே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"ஊர நீங்க பாருங்க, டிக்கெட்டும் நீங்களே போடுங்க. எறங்குறது என் வேலை" என்றாள்.

நான் தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். மாட்டுங்காவில் ஒரு ஹார்டுவேர் கடையில் பின்பக்கச் சரக்குக் கோடவுனைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளரிடம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. நீந்தத் தெரியாது. அதனால் ஊர் தேடும் வேலையைப் பயத்தோடுதான் ஆரம்பித்தேன்.

முதலில் கர்நாடகத்தில் முல்கி, கேரளத்தில் வர்க்கலா இரண்டையும் பார்த்தேன். மேற்குக் கரையில் மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் வகுப்பு நடப்பதில்லை என்றார்கள். அடுத்தது திருச்செந்தூர் பக்கம் மணப்பாடு. அது எங்கள் சொந்தக்காரர்கள் நிறைந்த பக்கம். வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு என்றாலே லீவு முடிந்துவிடும். அதோடு, உடம்பை ஒட்டிய நீச்சல் உடையில் புஷ்பா கரையேறும்போது என் சித்தப்பா எதிரே வந்தால் நான் என்ன செய்வேன்? கடைசியில் சென்னைக்குத் தெற்கே கோவளம் மிஞ்சியது.

ஆனால் கோவளத்தை நான் எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. பம்பாயில் மழைக்காலம் முழுக்க, இன்று ஹை டைட், அதாவது கடல் ஏற்றம், எத்தனை மீட்டர் என்று பேப்பரில் போடுவார்கள். நாலரை மீட்டரைத் தாண்டுகிற நாளில் பெருமழையும் சேர்ந்தால் குர்லா, சயான் தண்டவாளங்கள் முழுகும். கடையைச் சீக்கிரம் மூடி எங்களை அனுப்பிவிடுவார்கள். கடலின் கோபத்தை அளக்க எங்களுக்குத் தெரிந்தது அந்த ஓர் எண்தான். சென்னைப் பக்கம் அது எவ்வளவு என்று போனில் பார்த்தேன். ஒரு மீட்டர். சில நாள் அதுவும் இல்லை. ஒரு மீட்டர் தண்ணீர் என் இடுப்புக்குத்தான் வரும். சாதுவான கடல், புஷ்பா ஒரு நாள் தத்தளித்துவிட்டுச் சலித்துப்போய்த் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

காலையில் ஆந்திர எல்லைக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவர் பம்பாயில் சீத்தா கேம்ப்பில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். கோவளம் போகிறோம் என்றதும், "தர்காவுக்கா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் புஷ்பா முந்திக்கொண்டாள். "இல்ல பாய். அலையில ஏறி நிக்கப் போறேன்."

"யாரு, நீயாம்மா?"

"ஏன் பாய், என்னப் பாத்தா தெரியலையா?"

அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆடி இன்னும் முடியலையேப்பா. ஆடிக் கடல்ல எங்க ஊர்ல படக எறக்கவே யோசிப்பாங்க" என்றார்.

"அங்க ஒரு மீட்டர்தான் பாய்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அன்று மதியம் வாங்கிய தயிர் சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

நாலரை மணிக்குச் சென்ட்ரல். திருவான்மியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கோவளத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மீனவர் குடியிருப்பை அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடியில் அறை, நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பாடு நன்றாக இருந்தது என்று புஷ்பா சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போனோம். முதல் அலையைப் பார்த்ததும் என் கால் மணலிலேயே நின்றுவிட்டது. தூரத்தில் சுவர்போல எழும்பி, மேல்விளிம்பு மடங்கி, உடைந்து விழுந்தது. அதில் ஒருவன் பலகையோடு வழுக்கிக்கொண்டு வந்தான். அலை அவன் தலைக்கு மேலே நின்றது. அவன் என்னைவிட உயரம்.

கற்றுக்கொடுக்க வந்த மூர்த்தி அந்த ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். புஷ்பா உடை மாற்றப் போயிருந்தபோது மெதுவாக அவரிடம் கேட்டேன்.

"டைட் ஒரு மீட்டர்னு போட்டிருந்துச்சே?"

"அது தண்ணி ஏறி எறங்குற கணக்கு சார். அலைக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? இந்த மாசம் தெக்கேருந்து அலை வரும். காலைல கரைக் காத்து வேற. வருசத்துல இப்பதான் பெரிசு."

"இப்பவா?"

"இப்பதான். கரெக்டா பாத்து வந்துகிறீங்க."

மூர்த்தி என் முகத்தைக் கவனித்தார். "அக்காக்கு நீச்சல் தெரியும்ல? அப்ப பிரச்சினை இல்ல. அந்தப் பெரிய அலைக்கு இட்னு போவ மாட்டேன். இடுப்பளவு தண்ணில, உடஞ்சி வர்ற நுரையிலதான். நான் கூடவே இருப்பேன். ஆனா உன் மூஞ்சி இப்டி இருந்தா எறக்க மாட்டேன் சார். போன மாசம் ஒருத்தர் கரைலேர்ந்து கத்தி, அவர் சம்சாரம் திரும்பிப் பாத்து, பலகை தாடைல அடிச்சிச்சு. நீ சம்மதம்னு சொல்லு, எறக்கறேன்."

இதைக் கேட்டபடியே புஷ்பா வந்து நின்றாள். என் கையைப் பிடித்துப் படகுகளின் பக்கம் அழைத்துப் போனாள்.

"சின்ன நம்பரா தேடித்தான இந்த ஊர எடுத்தீய?"

நான் ஒரு படகின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன்.

"செல்போன மேசை மேல வச்சிட்டுத்தான குளிக்கப் போறீய. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"எங்க நீச்சல் கோச் மேடமும் ஆகஸ்ட்னா கோவளம்தான்னு சொல்லியிருந்தா. நீங்க வேற ஊரச் சொன்னா சண்ட போடணும்னு இருந்தேன். நீங்களே கோவளம்னு சொல்லவும் வாய மூடிக்கிட்டேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. போய் இட்லி தின்னுட்டு ஊரச் சுத்துவோம். ஆனா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். அதையும் இப்பமே சொல்லிப்புட்டேன்."

போ என்றேன். குரல் வரவில்லை; உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மூர்த்தியைப் பார்த்துச் சம்மதம் என்று தலையாட்டினேன்.

முதலில் மணலில் பயிற்சி. பலகைமேல் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து நிற்க வேண்டும். பிறகு தண்ணீர். பலகையைக் கயிற்றால் கணுக்காலில் கட்டியிருந்தார்கள். அலை நெருங்கும்போது மூர்த்தி பலகையைத் தள்ளிவிடுவார், புஷ்பா எழ முயல்வாள், விழுவாள். மறுபடி நடந்து போவாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலை மேலே வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

ஒரு தடவை பலகை மட்டும் மேலே எகிறியது. நுரை கரைவரை வந்து பரவியது. அவள் இல்லை. என் வாய் திறந்துவிட்டது. கத்தக்கூடாது என்பது ஞாபகம் வந்து கையிலிருந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். ஓர் ஆள் தூரம் தள்ளி அவள் எழுந்து, மூக்கைச் சிந்திவிட்டு, மூர்த்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இனிமேல் பார்த்தால் கத்திவிடுவேன் என்று தோன்றியதால் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

படகு நிழலில் ஒரு அம்மா மீனைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் தோளுக்கு அப்பால் பார்த்தவர், "யோவ், அது உன் சம்சாரமா? நின்னுட்டாய்யா! பாரு, பாரு!" என்று கத்தினார்.

திரும்பினேன். புஷ்பா தண்ணீரில் கிடந்தாள்.

கரையேறி ஓடிவந்தாள். "பாத்தீயளா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

குனிந்து கணுக்கால் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். நேரம் முடிந்திருந்தது. அடுத்த வகுப்புக்கு ஐந்தாறு கல்லூரிப் பிள்ளைகள் பலகைகளோடு காத்திருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே போய் மூர்த்தியிடம், "இன்னும் ஒரே ஒரு அலை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"டைம் ஆச்சே சார்."

"நான் பாக்கல."

"கரைலயே நின்னுகினு எத்த சார் பாத்துனு இருந்த?" பிள்ளைகள் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்து, "சரி, ஒண்ணு" என்றார். புஷ்பா கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டாள்.

நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை போய் நின்றேன். காலுக்கடியில் மணல் அரித்துப் போனது. அலை வந்தது. மூர்த்தி தள்ளினார். அவள் கைகளை ஊன்றினாள், ஒரு முழங்கால் வந்தது, ஒரு பாதம் வந்தது, இடுப்பு எழுந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தொபீரென்று விழுந்தாள். தண்ணீர் அவளை மூடியதையும், தலைமுடி முகத்தில் ஒட்ட அவள் எழுந்ததையும் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

மறுநாள் மதியம் சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் சாலையோரச் சவுக்கு மரங்களுக்கு இடையே கடல் தெரிந்து மறைந்தது. பம்பாயில் பிறந்த எனக்குக் கடற்கரை என்றால் பேல்பூரி தின்றுவிட்டு, செருப்பில் ஈரம் படாமல் திரும்புகிற இடம். இப்போது என் பையில் இரண்டு பேருடைய ஈரத் துணியும் இருந்தது.

"கடசில விழுந்ததையாவது பாத்தீயளா?" என்றாள் புஷ்பா.

"முழுசா பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப மோசம்."

அவள் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.