கிரசின் கை

இருபது அப்ரண்டிஸ்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நான் ராணியை உதறினேன். அது சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ராணி ஒரு மண்ணுளிப் பாம்பு. விஷம் கிடையாது. எங்கள் கிரேன் டிரைவர் அந்தோணிசாமி அதை மணல் போட்ட டிரங்குப் பெட்டியில் வளர்த்து வந்தார். அறுபதுகளில் நான் லாலாகுடா குவார்ட்டர்ஸிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குச் சைக்கிளில் போய்வந்த சார்ஜ்மேன், ஒரு செக்‌ஷனின் மேற்பார்வையாளன். புதுப் பையன்களுக்கு முதலுதவி வகுப்பும் என் தலையில்தான். ஷெட்டைச் சுற்றிப் புதர் என்பதால் பாம்புக்கடிப் பாடம் கட்டாயம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ராணியை இரவல் வாங்குவேன்.

பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தோணி. மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. கழுத்தை நெரிக்கக் கூடாது. பக்கவாட்டில் மெதுவாகக் கையை நுழைத்து, முழு உடம்புக்கும் தாங்கல் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது வேறு. கிரீஸ் போக ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கிரசினில்தான் கை கழுவுவோம்.

"கிரசின் கையோட நக்கோ சார், தொட வேணாம். அதுக்கு நாக்குதான் மூக்கு" என்பார்.

நாலு பேட்ச் நன்றாகவே போயிற்று. பையன்கள் எனக்கு 'பாம்பு சார்' என்று பெயர் வைத்தார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துதான் போனது.

ஐந்தாவது பேட்ச்சின் வகுப்பைப் பார்க்க மேனேஜரே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஆக்சில் பாக்ஸ் வேலையிலிருந்து ஓடிவந்தேன். கையைக் கிரசினில் அலசி, காட்டன் வேஸ்டில் துடைத்துவிட்டு நேரே பெட்டியைத் திறந்தேன். பதறாதவனைப் பாம்பு ஒன்றும் செய்யாது என்று வசனம் பேசிக்கொண்டே தூக்கினேன். ராணி நாக்கை நீட்டியது. உடனே உடம்பை முறுக்கி, தலையால் என் மணிக்கட்டில் இடித்தது. கடிக்கக்கூட இல்லை. நான் அலறி உதறினேன்.

என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டார்.

"கடிக்க வந்துடுச்சு சார்" என்றேன்.

இனி அந்தப் பாம்பு கேட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போனார். விஷயம் கேள்விப்பட்டு அந்தோணி கிரேனிலிருந்து இறங்கி வந்தார். "ராணியா கடிக்க வந்துச்சு?" என்று ஒரே தடவை கேட்டார். தரையில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் அள்ளினார். முகத்தருகே கொண்டுபோனதும் அவருக்கு வாடை தெரிந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க சார். முதுகைப் பாக்கணும், கொஞ்சம் புடிச்சுக்குங்க."

கழுவிவிட்டு வந்து பிடித்தேன். முன்பாதி என் விரல்களைச் சுற்றிக்கொண்டது. பின்பாதி அசையவில்லை. மூன்றாம் நாள் ராணி செத்துப்போனது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பேட்ச்சிலும் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். பாம்பின் மேல் தப்பில்லை, என் கை மேல்தான் தப்பு, அதற்கு மேல் பொய்யும் சொன்னேன் என்று சொன்னேன். பையன்கள் என்னைப் பெரிய நேர்மையாளன் என்று நினைத்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்புக்கொள்ள என்ன தைரியம் வேண்டும்?

தப்பை யாருக்குச் செய்தீர்களோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேறெதுவும் இல்லை. அந்தோணி அதே ஷெட்டில், என் தலைக்கு மேலே, இன்னும் ஒன்பது வருஷம் கிரேன் ஓட்டினார். ஒருநாளும் நான் அந்தக் கிரேன் ஏணியில் ஏறவில்லை.