பதினேழு நாள் காய்ச்சல்

எங்கள் ஊரான முரசுமோட்டையில் சுகிர்தனின் செருப்பை யாரும் மாறிப் போட்டுக்கொண்டு போனதில்லை. கோயில் வாசலிலும் செத்தவீட்டு முற்றத்திலும் மற்றவர்கள் தங்கள் செருப்பைத் தேடி அலைய, அவன் ஆறுதலாக வந்து தன்னுடையதைப் போட்டுக்கொள்வான். வலது செருப்பு சாதாரணமானது. இடது செருப்பின் அடியில், பழைய செருப்புகளை வெட்டி மூன்று அடுக்கு ஒட்டியிருக்கும். இரண்டு அங்குல உயரம். அந்தளவுக்கு அவன் இடது கால் நீளம் குறைந்து கட்டையாக இருந்தது. ஒட்டிக் கொடுத்தவன் நான்தான்.

"வயலுக்கை எனக்குச் செருப்பே தேவையில்லை மச்சான். நல்ல காலைச் சேத்துக்கை விட்டுட்டு, கட்டைக் காலை வரம்பில வைச்சால் உன்னைவிட நேரா நடப்பன்" என்பான். நானும் சிரிப்பேன். ஆனால் நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரம்பால் பத்தடி நடக்க அவனால் முடியாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

என் பெயர் குகதாசன். உழவு இயந்திரங்கள் திருத்துகிறவன். சுகிர்தனின் தாய் விமலேஸ்வரி என் அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபமும் சுருக்கென்று வரும். இந்தக் கதையில் நான் கத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அந்தக் கால் எப்படிக் கட்டையானது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கடற்கரையில் வந்து விழுந்த ஒரே எறிகணைச் செல்லில் மாமியின் பிள்ளைகள் இருவரும் காயப்பட்டார்கள். மாமா அதற்கு முந்திய மாதமே செத்துப்போயிருந்தார். பதினாறு வயது ஜெயரூபிக்கு வயிற்றில் காயம். பத்து வயது சுகிர்தனுக்கு முழங்காலுக்குக் கீழே. காயக்காரரைப் பார்த்த இடத்தில் மாமி மகளின் நிலையை உள்ளபடியே சொன்னார். மூன்று நாளாகக் காய்ச்சல் கொதிக்கிறது, காயம் மணக்கிறது என்று சொன்னார். உடனே பெயரை எழுதி, காயக்காரரை ஏற்ற வந்த செஞ்சிலுவைக் கப்பலுக்குப் போகும் வள்ளத்தில் அவளை ஏற்றினார்கள். கூடப் போக இடமில்லை. அடுத்த கப்பலில் நீங்களும் வரலாம் என்று யாரோ சொன்னார்களாம். அடுத்த கப்பலிலும் மாமிக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு அகதி முகாமில் எத்தனையோ பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தோம். வேறு ஜெயரூபிகள் இருந்தார்கள். எங்களுடையவள் இல்லை. இன்றுவரை அவள் செத்தாள் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை.

மகனின் காலை மாமி ஒருவருக்கும் காட்டவில்லை. தன் பாவாடையைக் கிழித்துக் கட்டி, அதற்கு மேல் பெரிய காற்சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம், விழுந்து உரஞ்சினது என்றே சொன்னார். எலும்பு தன் பாட்டுக்கு ஒட்டியது. அந்த இடத்தில் பிறகு வளரவில்லை. ஆனால் பிள்ளை பக்கத்தில் இருந்தான்.

காலை நீட்டும் சத்திரசிகிச்சை பற்றி அவன் முதலில் சொன்னபோது மாமி ஒரேயடியாக மறுத்தார். "கட்டையெண்டாலும் இருக்குதுதானே. இருக்கிறதைக் கொண்டுபோய் ஏன் குடுக்கிறாய்?" என்றார். அவன் கேட்கவில்லை. இருபத்தைந்து வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை போகத்துக்கு அம்மாவையே வயலில் விடுவது என்று என்னிடம் கேட்டான். 2024 தை மாதம் கொழும்பில் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டி அனுப்பினார்கள். வளையத்திலிருந்து கம்பிகள் சதைக்குள்ளால் போய் எலும்பில் நின்றன. வளையங்களின் திருகாணிகளை நாளுக்கு நாலு தரம் கால்வாசி திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் எலும்பு நீளும்.

மாமி அந்தத் திருகாணிகளைத் தொடவே மறுத்தார். ஆகவே பட்டறையின் பத்தாம் நம்பர் திருகுசாவியோடு நான் போனேன். "எனக்கும் உழவு மெசினுக்கும் ஒரே டொக்டர்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவான். ஐம்பது நாளில் வேலை முடிந்தது. அளந்து பார்த்தோம். இரண்டு காலும் ஒரே நீளம். மாமி குசினிக்குள் போய் அழுதார். இனி எலும்பு இறுகும்வரை மாதக்கணக்கில் வளையம் அப்படியே இருக்க வேண்டும், கம்பி போகும் துளைகளை உப்புத்தண்ணீரால் துடைக்க வேண்டும், சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே கிளினிக்குக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அறுவடைக் காலம். பட்டறையில் இயந்திரங்கள் வரிசையில் நின்றன. நான் போவது குறைந்துவிட்டது.

சித்திரை கழிந்து ஒரு பின்னேரம் போனேன். வாசலிலேயே ஓடிக்கொலோன் வாசம் அடித்தது.

"என்ன மச்சான், பொம்பிளை பாக்கப் போறியோ?"

அவன் சிரிக்கவில்லை. கண் மஞ்சளித்து, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தான். கிட்டப் போனதும் அந்த வாசத்துக்குக் கீழே இன்னொன்று மணத்தது. காலில் கிடந்த துணியைத் தூக்கினேன். மூன்று துளைகளில் சீழ். குதிக்கால் மேலே இழுபட்டு, பாதம் விரல் நுனியில் நிற்பதுபோல இருந்தது.

குசினிக்குள் நின்ற மாமியைப் பார்த்துக் கத்தினேன். ஊரே கேட்டிருக்கும்.

"போன கிழமை கிளினிக்கிலை என்ன சொன்னனீங்கள்?"

"நல்லாயிருக்கு எண்டு சொன்னனாங்கள்."

"காய்ச்சல் பாத்திருப்பினமே?"

"போக முதல் காய்ச்சல் தெரியாமல் பனடோல் குடுத்தனான். துடைச்சுப் புதுத்துணியும் வைச்சனான்."

"உங்களுக்கென்ன விசரோ மாமி? கால் போகப்போகுது!"

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை. "சொன்ன பிள்ளை போட்டுது. சொல்லாத பிள்ளைதான் மிஞ்சினது. எனக்கு வேறை என்ன தெரியும் தம்பி?"

உள்ளே இருந்து சுகிர்தன் கூப்பிட்டான்.

"அம்மாவைப் பேசாதை. நானும்தான் மறைச்சனான். முதல்ல அம்மா பயப்பிடுவா எண்டு. பிறகு எனக்கும் பயமாப் போட்டுது."

இருவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்து வைத்தியசாலைக்குப் போனேன். இளம் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். காலைப் பார்த்தார், முகம் மாறியது, ஆனால் ஏசவில்லை.

"எத்தினை நாளாக் காய்ச்சல்?"

"ரெண்டு மூண்டு நாள்" என்றான் சுகிர்தன்.

"சரியாச் சொல்லுங்கோ. ரெண்டு மூண்டு நாளெண்டால் இஞ்சையே வைச்சு மருந்து ஏத்திப் பாக்கலாம். கனநாளெண்டால் எலும்புக்குள்ள போயிருக்கும். இப்பவே கொழும்புக்கு அனுப்போணும். பிந்தினால் காலை எடுக்கவேண்டி வரும்."

சுகிர்தன் தாயைப் பார்த்தான். எனக்கு நாட்கணக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மாமி. இரண்டு நாள் என்றால் மகன் பக்கத்தில் இருப்பான். உண்மையைச் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள். மாமி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் ஒரு மனுசி அவ்வளவு பயந்து நின்றதை நான் பார்த்ததில்லை, செல் விழுந்த நாட்களிலும் பார்த்ததில்லை.

"பதினேழு நாள் பிள்ளை" என்றார் மாமி. "இண்டையோட பதினேழு."

ஒரு மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வந்தது. அதில் இன்னொரு நோயாளியும் இருந்ததால் கூடப் போக இடமில்லை. கொழும்பு வைத்தியசாலையின் ஆண்கள் விடுதியில் பெண்கள் தங்கவும் முடியாது.

"நான் விடியப் பஸ்ஸில வெளிக்கிட்டுப் போறன் மாமி" என்றேன்.

"அடுத்த கப்பல் எண்டும் இப்பிடித்தான் சொன்னவை."

மாமியின் கை அம்புலன்ஸ் கதவின் பிடியில் இருந்தது. சாரதி பொறுமையாக நின்றார். சுகிர்தன் உள்ளே படுத்தபடி, "அம்மா, நான் அக்கா இல்லை. கையை எடுங்கோ" என்றான். கொஞ்சநேரம் போய்த்தான் எடுத்தார். வாகனம் வீதியில் ஏறி மறைந்த பிறகும் அந்தக் கை நீட்டினபடியே நின்றது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

எழுபத்துநான்கு நாட்கள் அவன் கொழும்பில் கிடந்தான். செத்துப்போன எலும்புத் துண்டை வெட்டி எடுத்தார்கள். வளையத்தைக் கழற்றி வேறொன்று பூட்டினார்கள். இழுபட்ட குதிநரம்பைத் தளர்த்தினார்கள். காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் ஆறு தரம் போய் வந்தேன். மாமியை இரண்டு தரம் கிளிநொச்சி பஸ் நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு தரமும் பஸ் புறப்படும் நேரம் இறங்கிவிட்டார். "அங்கை போய் அவன் இல்லையெண்டால்?" என்றார். அவன் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பேசினான். அதுவும் அவருக்குப் போதவில்லை. பேசி முடித்ததும், "அது அவன்ரை குரல்தானே?" என்று என்னிடம் கேட்பார்.

ஆடிக் கடைசியில் அவன் வந்தான். எலும்பை வெட்டியதால் கால் திரும்பவும் அரை அங்குலம் கட்டைதான். இரண்டு தடி ஊன்றித்தான் நடந்தான். கணுக்கால் மடங்க இன்னும் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். ஆனால் குதி நிலத்தில் பட்டது. மாமி அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கதிரையில் இருத்தினார். காலைத் தடவினார், முகத்தைத் தடவினார், ஏதோ அளவு பார்ப்பதுபோலத் தோளைத் தடவினார். பிறகு சோறு போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எதிரே நிலத்தில் இருந்துகொண்டு, வழமையாகக் கேட்கும் ஒரு கேள்வியைப்போலக் கேட்டார்.

"அங்கை அக்காவைக் கண்டனியோ?"

நான் பதறிப்போனேன். அவன் தாயை ஏசப்போகிறான், அல்லது அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சோற்றைக் குழைத்தபடி சொன்னான்.

"வாற போற ஆக்களையெல்லாம் பாத்தனான் அம்மா. நேர்ஸ்மாரைப் பாத்தனான், கூட்டுற பொம்பிளையளைப் பாத்தனான். முப்பத்தொரு வயசுதானே இப்ப, ஆளும் மாறியிருக்கும். இன்னும் காணேல்லை."

"சரி, சாப்பிடு" என்றார் மாமி.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஆறு தரமும் கொழும்புக்குப் போன நானும் வாற போற முகங்களை அப்படித்தான் பார்த்தேன் என்பதை இன்றுவரை இருவரிடமும் சொல்லவில்லை.