அத்தை பொருத்தனை செய்த ஆம்ப்ளிஃபயர்

எங்கள் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. தாமிரபரணிக் கரை வயல்களில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் என்றாவது ஒரு நாள் புகைந்துபோய் எங்கள் வாசலில் வந்து கிடக்கும். அப்பா கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியை வரிசை பிசகாமல் சுற்றிக் கொடுப்பார். ஒரு கம்பியின் மேல் இன்னொன்று ஏறிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர், நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், மோட்டார்களை மூலையில் தள்ளிவிட்டு ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்கார்ந்தார்.

காரணம் அம்மா. அம்மா குவைத்தில் நர்ஸ். எனக்கு நடக்க வந்த வயதில் போனவள், ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டு அடுத்த ஒப்பந்தத்துக்குத் திரும்பிவிடுவாள். அம்மா என்றால் எனக்கு, செல்போன் திரையில் தெரிகிற ஒரு முகமும், மாடிப்படியில் பாதி ஏறினால்தான் தெளிவாகக் கேட்கிற ஒரு குரலும். பக்கத்து வீட்டில் இருந்த அத்தைதான், அதாவது அப்பாவின் அக்கா, எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாளாம். கோயில் வளாகத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போன அப்பா, உள்ளே பயிற்சி நடந்த சத்தத்தைக் கேட்டு, ஸ்பானரும் கையுமாக ஜன்னலோரம் நின்றுவிட்டாராம். மோட்டார் அன்றைக்கு ஓடவில்லை, காரியம் ஓடிவிட்டது என்று அத்தை கேலி செய்வாள். கிட்டாரை மாட்டி வாசிக்கக் கோயிலில் இருந்தது ஒரு இரைச்சல் பெட்டி. நர்சிங் படித்த ஊரில் ஒருமுறை, பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயரில் யாரோ வாசித்துக் கேட்டதாகவும், கம்பியை மெல்லத் தொட்டால் அது மெல்லப் பேசும், அழுத்தித் தொட்டால் அழப்போகிறவர்களின் தொண்டை மாதிரி கம்மும் என்றும் அம்மா கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். கடைக்குப் போனால் உப்பு வாங்க மறக்கிற அப்பா, இதை மட்டும் மறக்கவில்லை.

இன்டர்நெட்டில் தேடித் தேடி அந்த மாதிரிப் பெட்டியை நாமே பூட்டிச் செய்துகொள்கிற சாமான் செட்டைக் கண்டுபிடித்தவர் அவர். அம்மா அதை அங்கே வரவழைத்து, நாகர்கோவிலுக்கு லீவில் வந்த ஒரு சிநேகிதியிடம் கொடுத்தனுப்பினாள். அட்டைப்பெட்டியைத் திறந்தபோது ஓட்டைகள் போட்ட ஒரு தகரத் தட்டு, கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள், கலர் கலராய்க் கோடு போட்ட பொடிச் சாமான்கள், படம் போட்ட ஒரு புத்தகம். காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளுக்குள் கண்ணாடி வால்வுகள். குமிழ்களை நான் உடைத்துத் தீர்த்தேன். என் பங்கு அதோடு முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும் என்று சொல்லி, கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார்.

அந்தக் கட்டிலில் கிடந்துதான் அந்தப் பேச்சைக் கேட்டேன். அம்மா வர ஒரு மாதம் இருக்கும். அப்பா ஈயப் பற்று வைத்துக்கொண்டே, அத்தை பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"இந்தப் பெட்டி மட்டும் ஒழுங்காப் பேசிட்டுன்னு வையி, அவ திரும்பிப் போமாட்டாக்கா."

"ஏலே, பெட்டி பேசி என்னலே செய்ய? நீ வாயத் தொறந்து போவாதன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

அப்பா பற்று வைத்த இடத்தில் ஊதினார். எனக்கோ அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. பெட்டி பேசினால் அம்மா போகமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம், அம்மா இனி இங்கேயே இருக்கப்போகிறாள், என் தலையை இனி அவளே வாருவாள் என்று சொல்லிவிட்டேன். அத்தை வாருகிறபோது கண் மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவு இறுக்கம்.

பெட்டி பேசியது, ஆனால் அம்மா கேட்க வேண்டிய பேச்சு இல்லை. முதல் முறை சுவிட்சைப் போட்டதும் வால்வுகளுக்குள் மெல்லச் செம்மை ஏறியது. அழகாகத்தான் இருந்தது. அதன் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பி, அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் நடுங்கின. பரணில் கிடந்த அம்மாவின் கிட்டாரை இறக்கி மாட்டி அப்பா ஒரு கம்பியைத் தட்டினார். முனகலுக்குள் அது எங்கேயோ கேட்டது. கழற்றினார், மாட்டினார், கழற்றினார். வாடிக்கையாளர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவின் விமானம் நெருங்க நெருங்க நான் காலண்டரில் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் பழக்கமே அவருக்கு வில்லனாக வந்திருந்தது. வால்வுகளைச் சூடாக்குகிற இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று புத்தகத்தில் படமே போட்டிருந்தது. கம்பியை முறுக்குவதாவது! கண்டவன் பார்த்தால் காறித் துப்புவானே என்று, அப்பா இரண்டையும் ரயில் தண்டவாளம்போல நேராக, பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி மாறாமல் படுக்க வைத்திருந்தார். படத்தில் இருப்பது வெள்ளைக்காரனின் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டார். கடைசியில் வேறு வழியே இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த இரண்டையும் முறுக்கினார். சுவிட்சைப் போட்டார். பெட்டி வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. ஒரு கம்பியைத் தட்டினார். அத்தை வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கையைத் தூக்கினாள். இவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா வந்தாள். வாசனை சோப்பும் பேரீச்சம்பழமும் மணக்கிற பெட்டிகளோடு வந்து, என்னைக் கட்டிப்பிடித்து, நான் வளர்ந்ததைப் பார்த்து அழுதாள். மறுநாள் சாயங்காலம் அப்பா துணியை விலக்கிக் காட்டினார். பழைய அலமாரிக் கதவை அறுத்துச் செய்த பெட்டி, வார்னிஷ் மினுங்கிக்கொண்டு இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கிட்டாரை மடியில் வைத்து, கோயிலில் பாடுகிற ஒரு கீர்த்தனையை வாசித்தாள். அவள் சொன்னது உண்மைதான். மெல்லத் தொட்டபோது மெல்லப் பேசியது. அழுத்தித் தொட்ட இடத்தில் கம்மியது. அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் பாதியில் அவள் நிறுத்தினாள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கிய. எனக்குத்தான் விரல் போயிட்டு" என்று எழுந்துபோய், சிவந்த விரல்நுனிகளைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டாள்.

நல்லா இருக்கிறது என்று சொன்னவள் ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? அப்பாவுக்கு அது போதும். பெட்டியில்தான் ஏதோ குறை என்று பிடித்துக்கொண்டார். மேல்ஸ்தாயி கூர்மையாகக் குத்துகிறதோ என்று ஒரு சாமானைக் கழற்றி வேறொன்றைப் போட்டார். மறுநாள், அடித்தொண்டை கனத்துவிட்டதோ என்று அதையும் மாற்றினார். ஒவ்வொரு சாயங்காலமும் "இப்பம் கேளு" என்று கூப்பிடுவார். அம்மாவும் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் வாசித்து, நல்லாருக்கு என்பாள். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள். அப்போதெல்லாம் எனக்கு இவள் போகமாட்டாள் என்று உறுதியாகத் தோன்றும். நடுவில் அவள் செல்போன் அடிக்கும். மாடிப்படியில் பாதி ஏறி நின்று, எனக்குப் புரியாத பாஷையில், நான் கேட்டேயிராத ஒரு அதிகாரக் குரலில் பேசுவாள். டேப்லெட், இன்ஜெக்ஷன் என்று நடுவே விழுவதை வைத்து, யாருக்கோ மருந்து சொல்கிறாள் என்பது மட்டும் தெரியும். பேசிவிட்டு இறங்குகிறபோது அவள் முகம் வாசித்து முடித்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருக்கும். போய்விடுவாயா என்று படுக்கையில் கேட்டால், பார்ப்போம் என்று என் தலையைத் தடவுவாள்.

இந்த நிலைமையில்தான் அத்தை குண்டைத் தூக்கிப் போட்டாள். ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது, பெட்டியைத் துடைத்து வையுங்கள் என்றாள். எங்கள் சபையில் அந்தப் பண்டிகைக்கு, வயலில் விளைந்ததையும் கையால் செய்ததையும் முதற்பலனாகக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் கோயில் வாசலில் ஏலம் போகும். பெட்டி முனகிக்கொண்டிருந்த நாட்களில் அத்தை முழங்கால் போட்டு, இது வாயை மூடினால் இதையே உமக்குப் படைக்கிறேன் என்று பொருத்தனை செய்திருக்கிறாள்.

"ஏன்க்கா, உன் கோழி, உன் முருங்கக்கா ஒண்ணும் கெடைக்கலயா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார்.

"கோழிக்கா மொனகல் வந்துச்சு? எதுக்குக் கொணம் கேக்கமோ அதத்தானலே குடுக்கணும்."

கம்பியை முறுக்கியதால்தான் முனகல் நின்றது என்று அப்பா விளக்கினார். முறுக்கச் சொல்லி உனக்குப் புத்தி கொடுத்தது யார் என்று அத்தை கேட்டாள். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். கடைசியில் அப்பா சமாதானமானார். படைத்தவர்களே தங்கள் பொருளை ஏலத்தில் எடுத்துக்கொண்டு போவது எங்கள் ஊரில் சகஜம். பாசமாய் வளர்த்த ஆட்டைப் படைத்துவிட்டு, ஏலத்தில் விடாமல் கேட்டு, அதையே திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாமும் எடுத்துவிடுவோம் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்தார்.

பண்டிகையன்று வேப்பமரத்தடியில் வாழைத்தார்களும், உடன்குடிக் கருப்பட்டியும், நெல் மூட்டைகளும் குவிந்து கிடந்தன. எங்கள் பெட்டியை ஒரு சேவலுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே வைத்திருந்தார்கள். போதாததற்கு யாரோ அந்தச் சேவலைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் ஏலம் விடுகிறவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. பெட்டியின் முறை வந்ததும் அப்பா கேட்டார். மேலப்பாளையம் பக்கம் மைக் செட் வைத்திருந்த ஒருவர், பெட்டி யாருடையது என்ற விவரம் தெரியாமல் மேலே கேட்டார். அப்பா கேட்டார், அவர் கேட்டார். அப்பாவுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. நான் அத்தையின் சேலையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றேன். அது கை மாறினால் அம்மாவும் போய்விடுவாள் என்ற பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்து, ஒரேயடியாக ஏற்றிக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அம்மா. பெண்கள் ஏலம் கேட்பது எங்கள் சபையில் அதிசயம். செல்போனில் பேசுகிறபோது வருமே, அந்தக் குரல். மைக் செட்காரர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். அண்ணாச்சி மூன்று தரம் சொல்லி முடித்தார். நான் துள்ளினேன். அம்மாவே எடுத்துவிட்டாள், அம்மாவுக்கே வேண்டியிருக்கிறது! அப்பா ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, பெட்டி கோயில்லயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "பாடகர் குழுப் பிள்ளையெல்லாம் வாசிக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. சபைப் போதகரான ஐயர் ஆசீர்வாதமாகத் தலையசைத்தார். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பொருத்தனையை ஆண்டவர் இரண்டு மடங்காக ஏற்றுக்கொண்டார் என்றாள். அப்பாவும் கைதட்டினார். பிறகு குனிந்து, கைப்பிடியில் சேவலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். இறுகிய முடிச்சு எத்தனையோ பார்த்தவர், அந்தச் சின்ன முடிச்சை அவிழ்க்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்கும் என்னைப்போலப் பெருமை தாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதவள் வீட்டில் இருக்கப்போவதில்லை என்பதும், புது ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இங்கே வர விமானம் ஏறியிருந்தாள் என்பதும், அதைச் சொல்ல வாய் வராமல்தான் தினமும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் பிறகு வந்த விவரங்கள். அவள் இருக்கப்போவதில்லை என்பது அந்த வேப்பமரத்தடியில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

ஏலம் முடிந்ததும் அசனம். கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்த்தி, சபை முழுவதற்கும் சோறும் கறிக்குழம்பும் போடுவார்கள். ஆண்கள்தான் பரிமாறுவார்கள். அப்பா குழம்பு வாளியோடு எங்கள் வரிசையில் வந்தார். அம்மாவின் இலையில் கறியாகப் பார்த்து எடுத்து வைத்தார். அம்மா நிமிரவில்லை. போதும் என்று கையை மட்டும் இலைக்கு மேல் நீட்டினாள். அவர் அந்தக் கை விலகும்வரை நின்றார்.

"பெட்டி இங்க இருந்தா, நீ வீட்டுல எதுலம்மா வாசிப்ப?" என்று கேட்டேன்.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா என் இலையில் குழம்பை ஊற்றினார். இருவருமே பதில் சொல்லாததால் நானே யோசித்துப் பதிலைக் கண்டுபிடித்தேன். அம்மா தினமும் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்து வாசிப்பாள். நடக்கிற தூரம்தானே. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.