எடை குறையட்டும் என்று வேண்டினேன்

என் பேத்தி ஏழு மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டாள். ஒரு கிலோ நானூற்று இருபது கிராம். போடியிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனோம். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்தருகே திறந்தே இருக்கிறது, மருந்தில் மூடாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் எடை போட்டு எழுதியவன் நான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று குழந்தையின் மூச்சை எண்ணினேன். நர்ஸ் சொல்லும் எடையைத் தினமும் நோட்டில் எழுதினேன். முருகனிடமும் கிராமில்தான் கேட்டேன். இன்று இருபது கொடு, நாளை முப்பது கொடு.

பிள்ளையைப் பெற்ற என் மகள் செல்வி சொன்னாள்: "சாமிகிட்டயும் தராசோடதான் நிப்பீங்களாப்பா?"

எட்டு நாளில் எடை ஆயிரத்து முந்நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் காலை, ஒரே நாளில் தொண்ணூறு கிராம் ஏறியிருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று போடியில் ஜீப்பு ஓட்டும் மருமகனுக்குப் போன் செய்தேன்.

மத்தியானம் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தாத்தா, இது சதையில்ல, நீரு. கண்ணு இமையைப் பாருங்க, வீங்கியிருக்கு. இதயம் திணறுது. நீர் இறங்க மருந்து போட்டிருக்கோம்."

மழையில் நனைந்து வரும் பச்சை ஏலக்காய்க்கு ஈரத்தைக் கழித்துத்தான் எழுதுவோம். ஈர எடை எடையே இல்லை என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன், பேத்தியின் உடம்பில் கட்டிய நீரை வரம் என்று எழுதி வைத்திருந்தேன்.

மருமகனுக்கு மறுபடி போன் செய்தேன்.

"ஸ்டாண்டுல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டேனே மாமா. திரும்பவா கேக்க முடியும். நீங்க கும்பிடுங்க. வெரசா வர்றேன்."

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தேன். முருகா, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எடை குறையட்டும். பிள்ளைக்கு எது வேண்டுமோ அதைச் செய். அன்று வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்று நாளில் நூற்றுப் பத்து கிராம் இறங்கியது. எடை குறைந்ததற்காகக் கைகூப்பியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பதினேழாம் நாள் ஸ்கேனில் குழாய் மூடியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மருந்து கொடுத்தவர்கள் டாக்டர்கள்தான். அது அந்தச் சின்ன உடம்பில் வேலை செய்ய வேண்டுமே, அந்த இடத்தில் முருகன் நின்றான்.

ஐம்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது ஒரு வயதும் ஒரு மாதமும் ஆகிறது. சுவரைப் பிடித்து நிற்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதயத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றி நிறைய இருக்கிறது. மனசுதான் இன்னும் மரத்தே கிடக்கிறது.

பக்கத்துப் பெட்டியில் இருந்த தேவாரம் ஊர்க் குழந்தை வீடு திரும்பவில்லை. அதன் தாத்தாவும் அதே படியில் உட்கார்ந்து வேண்டியவர்தான். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை அவருக்குப் போன் செய்கிறேன்.

காலையில் கும்பிடும்போது இப்போது பட்டியல் சொல்வதில்லை. அவன் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கிறேன். அந்த வார்டு வாசலில் இன்று நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். முருகனிடம் இவ்வளவு, இன்ன நாளுக்குள் என்று கேட்காதீர்கள். பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.