அலுமாரிச் சாவிக்கு ஒரு மின்காந்தம்

அது மார்கழி மாதத்து வியாழக்கிழமை, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, சற்று முன். யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் 'ஐசி' எனப்படும் அடையாள அட்டை இல்லாமல் சந்தியிலிருந்த சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. தொலைந்தால் மறுபடி எடுப்பது பெரும்பாடு என்பதால், வீட்டுக்கு வந்ததும் இருவரின் அட்டைகளையும் இரும்பு அலுமாரியில் பூட்டிவிடுவது என் மனைவியின் வழக்கம். சாவியை ஜன்னல் விளிம்பில், திரைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். அன்று காலை மருதானையில் அவளுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சை. அவசரத்தில் திரையை இழுத்தாள். சாவி வெளியே விழுந்தது.

நாங்கள் இருந்தது மேல்மாடி. வெளியே இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் நடுவே கை மட்டும் நுழையும் இடுக்கு. அதற்குள் துருப்பிடித்த இரும்புக் குழாய் வேறு.

"பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கயித்திலை கட்டி விடுங்கோவன்" என்றாள்.

"அது போற வழியிலையே குழாயிலை ஒட்டிக்கொள்ளும். மின்காந்தமெண்டால் கீழை போனபிறகு கரண்ட் குடுக்கலாம்."

"எனக்குப் பாடம் எடுக்காதேங்கோ. சாவியை எடுங்கோ."

கட்டிலின் போல்ட் ஒன்றைக் கழற்றி, பழுதான அழைப்பு மணியிலிருந்து உரித்த செப்புக் கம்பியை அதில் நெருக்கமாகச் சுற்றினேன். டோர்ச் பற்றரிகளை இணைத்தேன். ஒரு குண்டூசிகூட அசையவில்லை. அந்தக் கம்பியின் மின்காப்புப் பூச்சை நுனிகளில் சுரண்ட வேண்டும் என்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், வாசித்து என்ன? பிளேடால் சுரண்டியதும் கத்தரிக்கோலையே தூக்கியது.

நீள வயரில் இறக்கினேன். கீழே ஒரே இருட்டு. டோர்ச் அடிக்கலாமென்றால், அதன் பற்றரிகள்தாம் காந்தத்தில் இருந்தன.

"நல்ல மூளை" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுப் பதிவைச் சரிபார்க்கப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். கட்டிலில் பற்றரிகள், அவற்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே போகும் வயர், அதைப் பிடித்தபடி நான்.

"மே மொகத?" இது என்னவென்று சிங்களத்தில் கத்தினார். குண்டென்று நினைத்திருப்பார்.

மனைவி சிங்களத்திலேயே மூச்சுவிடாமல் விளக்கினாள். அடையாள அட்டை எங்கே என்றார். அலுமாரிக்குள். அலுமாரியைத் திற. சாவி கீழே. இந்தச் சுற்று இரண்டு தடவை நடந்தது.

கடைசியில் அவரே ஜன்னலால் எட்டித் தன் டோர்ச்சை அடித்தார். வெளிச்சத்தில் சாவி வளையம் தெரிந்தது. போல்ட் அதன்மேல் படும்வரை பொறுத்து, கரண்ட் கொடுத்தேன். சாவி பித்தளை, நல்ல வேளையாக வளையம் இரும்பு. குழாயில் முட்டாமல் மெல்ல மெல்ல ஏறி வந்தது.

அவர் அட்டைகளைப் பார்த்தார், திருப்பித் தந்தார், வயரையும் பற்றரிகளையும் சுருட்டிக்கொண்டு போனார். தன் அட்டையைப் பறித்துக்கொண்டு மனைவி ஓடினாள்.

பின்னேரம் அவள் வந்ததும் கேட்டேன்: "நேரத்துக்குப் போனனீரே?"

"ஓம், போனனான். திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம்." கைப்பையை மேசையில் எறிந்தாள். "சந்தியிலை ஐசியை ஒருத்தரும் கேக்கேல்லை."