பத்துத் தட்டு

அவள் இருந்தவரை தொழிற்சாலையில் அவளை 'அடம்' என்றுதான் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். மூச்சுக் கருவிகளுக்குள் போகும் விரல்நுனி அளவு வால்வுகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. சோதனை மேசையில் வால்வை மாட்டிப் பொத்தானைத் தட்டினால் உள்ளே ரப்பர் மூடி எழும்ப வேண்டும், வாயு ஓட வேண்டும், கண்ணாடிக் குழாயில் கிடக்கும் சின்ன உருண்டை மேலே ஏற வேண்டும்.

ஒருமுறை பன்னிரண்டு வால்வுகள் திரும்பி வந்தன. 'சில சமயம் திறப்பதில்லை' என்று புகார். சோதித்தால் பன்னிரண்டும் சமர்த்தாகத் திறந்தன.

"பழுதில்லைன்னு எழுதி அனுப்பும்மா" என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. புகார்த் தேதிகளைப் பார்த்தாள். எல்லாம் திங்கட்கிழமைக் காலை. விடுமுறையில் சும்மா கிடந்த கருவிகள். சட்டென்று தன் கையையே பார்த்தாள். சோதனைக்கு முன் ஒவ்வொரு வால்வையும் பத்து முறை தட்டித் திறந்து மூடுவது அந்த மேசையின் வழக்கம். 'தூக்கம் கலைப்பது' என்று அதற்குப் பெயர். பதினொரு வருடமாக அவளும் கலைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை, அனுப்பத் தயாராயிருந்த சரக்கிலிருந்து இருபதை எடுத்துத் தொடாமல் வைத்தாள். திங்களன்று ஒவ்வொன்றுக்கும் ஒரே தட்டு. நான்கில் உருண்டை அசையவில்லை. சும்மா கிடந்ததில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது; பத்துத் தட்டு அதை இத்தனை நாளும் மறைத்திருந்தது.

"ரெண்டாவது தட்டுல தொறக்குதில்ல? அப்புறம் என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"மூக்குல குழாயோட படுத்திருக்கறவங்ககிட்ட, ரெண்டாவது தட்டு வரைக்கும் பொறுங்கன்னு நீங்க போய்ச் சொல்றீங்களா சார்?"

"வண்டி வாசல்ல நிக்குது. கையெழுத்துப் போடு."

அவள் 'அனுப்பாதே' என்ற சிவப்புச் சீட்டுகளை எடுத்துப் பெட்டிகள் மேல் ஒட்டத் தொடங்கினாள். அவர் ஒன்றைக் கிழித்தார். அவள் இன்னொன்றை ஒட்டினாள்.

"கிழிங்க சார். கட்டுக்கட்டா இருக்கு."

"வேலை போயிடும்!"

"போகட்டும். எங்க வீட்டுக்காரர் தையல் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூல் காலியாத்தான் கிடக்கு. பட்டன் தெச்சுப் பொழைச்சுக்குவேன்."

சத்தம் கேட்டு மேலாளர் இறங்கி வந்தார். பெட்டியைப் பிரித்து ஒரு வால்வை மாட்டினார். பழக்கதோஷத்தில் அவர் விரலும் படபடவென்று தட்டப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சார்."

உருண்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்தது ஏறியது. மூன்றாவதும் கிடந்தது. மேலாளர் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அவள் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். பதினொரு வருடத் தூக்கம் கலைப்பையும் ஒளிக்காமல் எழுதினாள்.

"உன்னை நீயே ஏம்மா மாட்டி விட்டுக்கறே?" என்றார் சூப்பர்வைசர், எட்டிப் பார்த்து.

"ஏற்கெனவே வெளிய போனதெல்லாம் திரும்பி வரணும் சார். யாராவது எழுதினாத்தானே வரும்?"

நீட்டிய அவர் கையைத் தாண்டி, தாளை மேலாளரிடம் கொடுத்தாள்.