அம்மி கொத்தலையோ, அம்மி!

“…பச்சை மூடி போட்ட டப்பாதானே? தொறந்தா கற்பூர வாடை அடிக்கும், தேச்சா ஜில்லுன்னு இருக்கும். அதத்தானட்டி தடவிட்டு வந்திருக்க?”

எங்கள் கோல்கீப்பர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டது, எண்பதுகளின் நடுவில், கோவில்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெண்கள் ஹாக்கி இறுதி ஆட்டத்தின் இடைவேளை. எதிரணி தூத்துக்குடி. ஒரு கோல் பின்னால் இருந்தோம், அதற்குக் காரணம் நான்தான். இரண்டு தொடையிலும் கரிசல் புழுதி அப்பிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊரில் ஹாக்கிக்குப் பிறகுதான் மற்ற விளையாட்டெல்லாம். என் அண்ணன்மார் வளைந்த கருவேலங்கம்பை வெட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆள் குறைந்தால் என்னையும் இழுத்து விடுவார்கள். அப்படிப் பழகியதுதான், யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் முதலாளிக்கு ஹாக்கிப் பைத்தியம். வேலை செய்கிற பெண்களைக் கொண்டே ஒரு அணி சேர்த்துவிட்டார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. “ஆடத் தெரிஞ்சவ ஆடாம இருந்தா எப்படி?” என்று வீட்டுக்காரரே அனுப்பி வைத்தார்.

சிக்கல் யூனிஃபாரம் வந்தபோது ஆரம்பித்தது. முழங்காலுக்கு மேலே நிற்கும் நீலப் பாவாடை. ஓடினால் இன்னும் ஏறும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு என் தொடையெல்லாம் சின்னச் சின்னக் குழியாக விழுந்திருந்தது. முதல் ஆட்டத்தில் நான் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது, சுவரில் உட்கார்ந்திருந்த ஒருவன் ராகம் போட்டுக் கத்தினான்: “அம்மி கொத்தலையோ… அம்மீ!”

அம்மி வழுவழுத்துப் போனால் உளியால் குழி குழியாகக் கொத்திக் கொடுப்பவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அதே ராகம். மைதானமே சிரித்தது. அன்று எப்படியோ ஜெயித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி ஆடக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு கிரீம் விளம்பரம் கண்ணில் பட்டது. தொடை, இடுப்புக் குழிகள் இருபத்தோரு நாளில் மறையுமாம். இறுதி ஆட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. தபால்காரரிடம் பணம் கட்டி வாங்குகிற வி.பி.பி.யில் ஒரு டப்பா வரவழைத்தேன். பார்சலைப் பார்த்து என் அத்தை, அதாவது மாமியார், “என்னம்மா இது?” என்று கேட்க, “கால்வலித் தைலம் அத்தை” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம். அவர்களும் தினமும் எடுத்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்து, நாலே நாளில் “வலி போன எடம் தெரியலட்டி!” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

நானும் விடவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கீழிருந்து மேலாக, கை சோரும் வரை தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர ஒரு குழிகூட அசையவில்லை. இறுதி ஆட்டத்தன்று, கடைசி முயற்சியாக, டப்பாவில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்து அப்பிக்கொண்டு போனேன்.

கரிசல் காட்டில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? பத்து நிமிஷம் ஓடியதும் மைதானத்துப் புழுதி முழுவதும் பசை தேடி வந்ததுபோல் காலில் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு ஒரு கையால் பாவாடையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே ஆடினேன். ஹாக்கி மட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு என்ன ஆட முடியும்? வந்த பந்தெல்லாம் போனது. நான் விட்ட ஒரு பந்துதான் எங்கள் கோலுக்குள் விழுந்தது.

இடைவேளையில் அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்றேன்.

“நான் ரெண்டு டப்பா தேச்சவ. ஒனக்குக் குழி போச்சா?”

“இல்லக்கா.”

“எனக்கும் போகல. நான் எதுக்குட்டி கோல்ல நிக்கேன்? பந்தத் தடுக்கவா? இந்தக் கால் பேடக் கட்டிக்கிட்டா ஒரு பய என் தொடையப் பாக்க முடியாதுல்லா!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் அணியிலேயே எவருக்கும் பயப்படாதவர் என்று நான் நினைத்திருந்த ஆள் அவர். குடத்துத் தண்ணீரை மொண்டு அவரே என் காலில் ஊற்றினார். புழுதி கரைந்து ஓட, குழிகள் அத்தனையும் பளிச்சென்று வெளியே வந்தன.

“நல்லாத்தானட்டி இருக்கு. கொத்தாத அம்மில எவ வீட்லயாவது மசால் அரைபடுமா? போ, போயி தூத்துக்குடிக்காரிகள அரைச்சுட்டு வா!”

இரண்டாம் பாதியில் பாவாடையை விட்டுவிட்டு மட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். அவ்வளவுதான் நான் செய்த மாற்றம். சுவரிலிருந்து மறுபடியும் “அம்மி கொத்தலையோ” கிளம்பியது. உடனே எங்கள் கோல் பக்கமிருந்து அக்காவின் குரல் மைதானத்தைத் தாண்டி வந்தது: “கொத்தியாச்சு, போலே! அரைட்டி, அரை!”

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. இருவரை ஏமாற்றிக்கொண்டு போய் நான் அடித்த பந்து கோல் பலகையில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு நான் பந்தைத் தொட்டால் போதும், நாலு பக்கமும் “அரை! அரை!” என்று கத்தல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் என் மட்டையிலிருந்தே இரண்டாவது கோலும் விழுந்தது. கத்தியவர்களில் அந்தச் சுவர்க்காரனும் இருந்தான் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அந்தக் குழிகளை நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறைத்ததில்லை. இன்று டி.வி.யில் அந்த மாதிரி கிரீமைக் காட்டினால் என் பேத்திகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நான் போட்ட கோல்கள்கூட நினைவில் கொஞ்சம் மங்கிவிட்டன. விசில் ஊதியதும் அந்த அக்கா செய்தது மட்டும் மங்கவில்லை. நாங்கள் மைதானத்து நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, அவர் கோல் கம்பத்தடியில் குனிந்து, இரண்டு கால் பேடையும் வாரை அவிழ்த்துக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, அத்தனை பேரும் பார்க்க, வெறுங்காலும் தொடையுமாக, மைதானத்தின் முழு நீளத்துக்கும் எங்களை நோக்கி ஓடி வந்தார்.